குளச்சல் போரும் 42 இன்ச் டிவியும்

ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே அதைப் பயன்படுத்துவது குமரி மாவட்டத்தில் அவ்வளவாக வழக்கமில்லை. சந்தேகம் உள்ளவர்கள் தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போய்ப் பார்க்கலாம். அங்கே டிலனாய் படுத்திருக்கிறார். 1741-ல் டச்சுக் கம்பெனிக்காரனாகக் குளச்சலில் வந்து இறங்கி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கியவர். வேறு ஊராக இருந்தால் தலையை எடுத்திருப்பார்கள். நம் ஆட்கள் கொஞ்சம் யோசித்தார்கள். 'வந்தது வந்துட்டீரு, சும்மா சோறு போட முடியாது, நம்ம பயலுவளுக்கு துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் குடும் வோய்' என்று வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சண்டை போட வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆகி, சம்பளம் வாங்கி, 1777-ல் இங்கேயே கண்ணை மூடினார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது.

இரண்டரை நூற்றாண்டு கழித்து டிவிப் பெட்டி நம் கையில் சிக்கியபோதும் நடந்தது இதுதான். அது வந்தது நம்மை உட்காரவைத்துச் செய்தி வாசிக்க. நாம் அதில் மாரியோவைக் குதிக்கவிட்டோம். இன்றைக்குக் கம்ப்யூட்டர் மேசையில் 42 இன்ச் ஓஎல்இடி டிவியைத் தூக்கி வைத்து, 'இனிமேல் இதுதான் என் கேமிங் மானிட்டர்' என்று ஏதோ தான் கண்டுபிடித்ததுபோல அறிவிக்கும் இளைஞர்கள் இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களுடைய அப்பாக்கள் அதே குற்றத்துக்காக முதுகில் அடி வாங்கியவர்கள்.

டிவி இங்கே வந்த கதையே ஒரு கோணல். 1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரை உதறிவிட்டுத் தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்தன. அதற்காக மார்ஷல் நேசமணியும் கூட இருந்தவர்களும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எல்லாம் சேர்ந்தது, ஆன்டெனா மட்டும் சேரவில்லை. சென்னையில் 1975-லேயே தொலைக்காட்சி தொடங்கிவிட்டது என்பதை நாகர்கோவில்காரர்கள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அந்த அலை எழுநூறு கிலோமீட்டர் நடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி வருவதாக இல்லை. பக்கத்தில் இருந்தது திருவனந்தபுரம். ஆகவே, எந்த ஊரை வேண்டாம் என்று பிரிந்து வந்தார்களோ அந்த ஊரைப் பார்த்தே மாவட்டத்தின் அத்தனை ஆன்டெனாவும் திரும்பி நின்றது. 1985-ல் அங்கே மலையாள நிகழ்ச்சிகள் தொடங்கின. தமிழுக்காகப் போராடிச் சிறை போன தாத்தாக்கள் திண்ணையில் சாய்ந்து 'சித்ரகீதம்' பார்த்தார்கள். பாட்டு கொள்ளாம் என்றும் சொன்னார்கள்.

இன்னொரு பக்கம் கடல். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான்காரர்களின் உதவியில் எழுந்த நிலையம், அந்த நாட்டின் மிக உயரமான பிதுருதாலகால மலையில் கோபுரம். கொழும்புக்காரர்கள் தங்கள் ஜனங்களுக்காக விட்ட அலை, வெதுவெதுப்பான கடலின் மேலே வழுக்கிக்கொண்டு வந்து கன்னியாகுமரிக் கரையில் ஏறியது. தென்னை மரத்தோடு போட்டி போடும் உயரத்துக்குக் குழாயை நட்டு, பூஸ்டரை மாட்டி, ஒரு ஆளை ஓட்டின் மேல் ஏற்ற வேண்டும். முற்றத்தில் ஒருவர், மங்களாவில் ஒருவர்.

"பாட்டா, வந்தா?"

"வரல்ல. கொஞ்சம் கெழக்கே திருப்பு."

"இப்ப?"

"ஆளு தெரியுகு. தலை இல்லை."

"இப்ப?"

"தலை வந்தாச்சு. சவம், ஆளு போயிட்டு."

இப்படித் தமிழ்நாட்டு வீட்டில் உட்கார்ந்து, கேரளத்துப் பாட்டும் இலங்கையின் கிரிக்கெட்டும் டெல்லியின் செய்தியும் பார்த்த ஜனத்திடம் போய், 'டிவி என்பது நிகழ்ச்சி பார்ப்பதற்கான கருவி, அதில் வேறு எதையும் இணைக்கக் கூடாது' என்று சொன்னால் எடுபடுமா?

உலக சரித்திரத்திலும் ஒரு டிலனாய் வேலை நடந்திருக்கிறது. ரால்ஃப் பேர் என்று ஒருவர். நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குடும்பம். அமெரிக்காவில் டிவி பொறியியல் படித்து, சாண்டர்ஸ் என்ற ராணுவத் தளவாடக் கம்பெனியில் வேலை பார்த்தார். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி சும்மா கிடக்கிறதே, அதை வேறு எதற்காவது பயன்படுத்தினால் என்ன என்று 1966-ல் அவருக்குத் தோன்றியது. நாலு பக்கம் எழுதிவைத்தார். ஏவுகணைச் சோலி பார்க்கச் சம்பளம் கொடுத்தால் இவர் பெட்டிக்குள் புள்ளியை ஓடவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார். கடைசியில் 1972-ல் மேக்னவாக்ஸ் ஒடிசி என்று அது கடைக்கு வந்தது. திரையில் மூன்று வெள்ளைப் புள்ளியும் ஒரு கோடும்தான். மற்றதற்கெல்லாம், டென்னிஸ் மைதானமும் பேய் வீடும் அச்சடித்த பிளாஸ்டிக் தாளைப் பெட்டியோடு கொடுத்தார்கள். அதை டிவிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்து அமெரிக்கர்கள் சிரிக்கலாம், நமக்குச் சிரிக்க உரிமையில்லை. கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் ஏதோ ஒரு ஆரஞ்சு பூசிய பிளாஸ்டிக் தட்டை மாட்டி 'எங்க வீட்டுல கலர் டிவி' என்று சொல்லிக்கொண்டவர்கள் நாம். புல்வெளிக் காட்சி வந்தால் பிரமாதம். செய்தி வாசிக்கும் அம்மாளுக்கு மட்டும் தினமும் நீலத் தலைமுடி, பச்சைக் கழுத்து.

ஒடிசிக்குப் பிறகு பெரும்பாலான வீட்டுக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் டிவியோடுதான் குடித்தனம் நடத்தின. 1982-ல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் 256-க்கு 192 புள்ளிகளை வீட்டு டிவியில் கொட்டி இங்கிலாந்தில் ஒரு தலைமுறையையே கெடுத்தது. மானிட்டர் என்ற ஒன்று ஆபீஸ்களில் பச்சை எழுத்து காட்டிக்கொண்டு தனியாக இருந்தது. வீட்டில் அதற்கு இடமில்லை.

நம் மாவட்டத்துக்குக் கெடுதி வந்தது கல்ஃப் வழியாக. 1990-களின் தொடக்கத்தில் லீவுக்கு வந்த மாமாக்களின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சென்ட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சாதனம் இருந்தது. நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் கள்ள வாரிசு. நாளடைவில் நாகர்கோவில் ஃபேன்ஸி கடைகளிலேயே கிடைத்தது. 'டிவி கேம்' என்று பெயர். கூட வரும் மஞ்சள் கேசட்டின் மேல் 9999999 கேம்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருபது இருந்தால் அதிகம். அதே மாரியோவை எட்டு இடத்திலிருந்து தொடங்கிவிட்டு எட்டு கேம் என்று கணக்கெழுதியிருப்பார்கள். கோட்டாறு சந்தையில்கூட அப்படி ஒரு எடைக்கணக்கைப் பார்க்க முடியாது.

இதை டிவியோடு இணைப்பது ஒரு சாஸ்திரம். முதலில் டிவியின் பின்னால் கையை விட்டு ஆன்டெனா வயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய செப்புக் கம்பி வளையும். வளைந்ததை யாரும் பார்க்கக் கூடாது. பிறகு முன்பக்கத்தில் ஒரு சின்ன மூடியைத் திறந்தால், அதற்குள் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பிளாஸ்டிக் திருகும், பக்கத்தில் வி.எல்., வி.எச்., யூ என்று மூன்று இடத்தில் நிற்கும் ஒரு சுவிட்சும் இருக்கும். திருகுவதற்குக் கொடுத்த குட்டிச் சாவி வாங்கிய மறுநாளே தொலைந்திருக்கும் என்பதால் ஈர்க்குச்சி. உறுமும் மணல்மழைக்கு நடுவே ஈர்க்குச்சியை ஒரு நூல் திருகினால் கோடு கோடாக ஏதோ அசையும். இன்னும் அரை நூல். மாரியோ! ஆனால் சத்தம் வராது. சத்தம் வரும் இடத்தில் படம் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொண்டு விளையாட வேண்டும். விளையாடி முடித்தபின் அதே திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் செய்தி நேரத்தில் பாட்டா பெட்டியைப் போடும்போது குட்டு வெளிப்படும்.

அப்போது எழுந்ததுதான் அந்த மகாவாக்கியம்.

"லே, அதுல கேம் போடாதே. பிக்சர் டியூப் போயிரும்."

முதலில் சொன்னவர் யார் என்பதற்குக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் இல்லை. கோட்டாறு முதல் குழித்துறை வரை எல்லா அம்மாக்களும் ஏதோ மாதர் சங்கத்தில் தீர்மானம் போட்டதுபோல ஒரே சுருதியில் சொன்னார்கள். பிக்சர் டியூப் சாமானியப்பட்ட பொருளல்ல. அது போனால் டிவி விலையில் பெரும்பகுதி போனது மாதிரி. மகனுக்குச் சுகமில்லை என்றால்கூட 'பாப்போம், காலைல சரியாவும்' என்று சொல்லும் வீட்டில், டியூப்புக்கு ஒன்று என்றால் அன்றே ஆள் வந்துவிடும்.

பையன்கள் தர்க்கம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சிவாஜி அழுது போகாத டியூப், அரை மணி நேரம் மாரியோ குதித்தா போய்விடும்? நியாயமான கேள்விதான். பதிலாகக் கிடைத்தது துடைப்பக்கட்டை. மேல்முறையீடு டிவி மெக்கானிக்கிடம் போனது. அவரோ பின்மூடியைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த பல்லியை ஸ்குரூ டிரைவரால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பையனை ஏற இறங்கப் பார்த்து, "கேம் போடுவியளோ? அதான கேட்டேன்" என்றார். குற்றவாளி பல்லி என்பது தெரிந்தும் வந்த தீர்ப்பு அது.

அம்மாக்கள் சொன்னது முழுப் பொய்யுமல்ல, அதுதான் இந்தக் கதையில் நெஞ்சைக் குத்துகிற இடம். டியூப்பின் உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர், எலக்ட்ரான் அடிக்க அடிக்கத் தேயும். ஒரே படம் ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, மின்சாரத்தை நிறுத்தினாலும் நிழலாகத் தெரியும். கடைகளில் காசு போட்டு விளையாடும் பேக்மேன் பெட்டிகளில் அந்தப் புதிர்ப்பாதை கண்ணாடியிலேயே பதிந்துபோனது உலகறிந்த விஷயம். ப்ரொஜெக்ஷன் டிவியில் இதைப் போடாதீர்கள், படம் பதிந்து திரை கெட்டுவிடும் என்று நின்டெண்டோவே தன் கையேட்டில் அச்சடித்தது. ஆனால் வீட்டுப் பெட்டியில் அரை மணி நேரம், அதுவும் இரண்டு முறை கரண்ட் போய் வந்த அரை மணி நேரம், மாரியோவால் ஒரு டியூப்பும் சாகாது. அம்மாக்கள் ஒரு முப்பது வருஷம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதை அப்புறம் பார்ப்போம்.

அதற்குள் வாத்து சுட்ட கதை ஒன்று. டிவி கேமோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வரும். திரையில் வாத்து பறக்கும். சுட்டால் விழும். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியைத் துளைக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் பயந்தார்கள். டியூப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? உண்மையில் அதிலிருந்து எதுவும் போவதில்லை. அது ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கிக் குழல் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து அவுட். டியூப் லைட்டைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவர்களுக்கு வாத்து விழாததற்குக் காரணம் அந்த முதல் இருட்டு. டிவிக் கண்ணாடியில் குழலை முட்டவைத்துச் சுட்டவர்கள்தான் சேம்பியன்கள். இதே துப்பாக்கியை இன்றைய லட்ச ரூபாய் டிவி முன்னால் பிடித்தால் வாத்து அலகைக்கூட அசைக்காது. பழைய டியூப் கோடு கோடாக வரைந்த வேகத்துக்கும் துடிப்புக்கும் பழகிய கண் அது. புதிய திரையின் தாமதமும் அசையாத வெளிச்சமும் அதற்கு விளங்குவதில்லை. கேமில் வரும் நாய் மட்டும் புல்லுக்குள்ளிருந்து எழுந்து அன்றுபோலவே சிரிக்கும்.

கம்ப்யூட்டரும் டிவியும் விவாகரத்து வாங்கிக்கொண்ட வருஷம் 1987. அந்த வருஷம் ஐபிஎம் விஜிஏ என்ற புதிய திரை முறையைக் கொண்டுவந்தது. நம் டிவி நொடிக்கு 15,625 கோடு போடும். விஜிஏ கேட்டது அதைப் போல இரு மடங்கு. பாவம் டிவி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. 'எழுத்து தெரியாது, கண் கெடும், தரமில்லை' என்று வரிசையாகக் குற்றம் சாட்டி மானிட்டர் தனிக்குடித்தனம் போனது. டிவிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதே 1987 ஜனவரியில்தான் ராமாயணம் தொடங்கியிருந்தது. வட நாட்டில் பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். சாமியான பிறகு சம்சாரம் எதற்கு?

இன்னொன்று. அதே 1987-ல்தான் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கோடக் கம்பெனியில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், கரிமப் பொருளை மெல்லிய ஏடுகளாகப் பூசி, கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் அது தானே ஒளிர்கிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். ஓஎல்இடிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. விவாகரத்தும் மறுமணத்துக்கான பெண்ணின் பிறப்பும் ஒரே வருஷத்தில். ஜாதகத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். கோடக்குக்கு மட்டும் ஜாதகம் சரியில்லை. சோறு வைத்தது அவர்கள், சாப்பிட்டது கொரியாக்காரர்கள்.

நடுவில் ஓடிய இருபது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பிரவுசிங் சென்டர், பதினைந்து இன்ச் தொந்தி மானிட்டர், மணிக்கு இவ்வளவு என்று ஐஜிஐ, வைஸ் சிட்டி. மெயில் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒருவரும் மெயில் பார்க்கவில்லை. ஆனால் 2006-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருஷம் செப்டம்பரில் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. பதினான்கு இன்ச். ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள். ஏற்கெனவே டிவி இருந்த வீட்டுக்கும் வந்தது. அரசாங்கம் பொழுதுபோக்குக்கும் பொது அறிவுக்கும் என்று காரணம் சொன்னது. பையன்களுக்கு விளங்கிய காரணம் வேறு. சரித்திரத்தில் முதன்முறையாக வீட்டில் இரண்டாவது திரை! மங்களாவில் சீரியல், பின்கட்டில் கான்ட்ரா. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, பிக்சர் டியூப் போனாலும் அது அரசாங்கத்து டியூப். சின்ன டிவியைக் கேமிங் மானிட்டராகப் பயன்படுத்தும் இயக்கத்தை இவ்வளவு பெரிய அளவில் நடத்திய அரசு உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை. நடத்தியது அவர்களுக்கே தெரியாது என்பது வேறு.

2011-ல் ஆட்சி மாறியது. அந்த செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப். எத்தனையோ வீட்டில் கலைஞர் டிவியும் அம்மா லேப்டாப்பும் ஒரே அறையில் இருந்தன. இரண்டையும் இணைத்தால் பெரிய திரையில் விளையாடலாமே என்று பார்த்தால், டிவியில் மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாக வட்ட ஓட்டைகள், லேப்டாப்பில் குட்டிக் குட்டி ஓட்டைகளாக விஜிஏ. நேரடிக் கூட்டணிக்கு வழியே இல்லை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வாங்கி வைத்தால் ஏதோ கலங்கலாகத் தெரியும். அதற்கும் கரண்ட் இருக்க வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகள் வானத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஊர் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்த காலம் அது.

இனி மறுமணம். 2007-ல் சோனி முதல் ஓஎல்இடி டிவியை விட்டது. பதினொரு இன்ச், இரண்டு லட்சம் யென். நம் ஊரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி அதைவிடப் பெரிது. 2013-ல் எல்ஜி 55 இன்ச்சுக்கு வந்தது. அதன் பிறகு 65, 77 என்று வீங்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு புள்ளியும் தனக்குத் தானே எரிவதும் அணைவதுமாக இருப்பதால், அதில் இருட்டு என்றால் இருட்டு. மற்ற டிவிகளைப் போலச் சாம்பல் பூசிய கறுப்பு கிடையாது. படம் அசையும் வேகத்தில் புள்ளி மாறிவிடும், பின்னால் வால் இழுக்காது. கேம் ஆடுகிறவர்கள் கடைக்கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் 55 இன்ச்சை மேசையில் வைத்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால், இடது மூலையில் வரும் எதிரியைப் பார்க்க ஆட்டோ பிடித்துப் போக வேண்டும்.

2020-ல் 48 இன்ச் வந்தது. கேமர்கள் மேல் உள்ள பாசத்தால் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். பெரிய கண்ணாடித் தகட்டில் 77 இன்ச் வெட்டியதுபோக மிச்சம் விழுந்த இடத்தில், தையற்காரர் மிச்சத் துணியில் தலையணை உறை தைப்பதுபோல, வெட்டி எடுத்த அளவு அது. ஆனால் அடித்த யோகம் பெரிய யோகம். நொடிக்கு 120 முறை மாறும் படம், 4கே, எச்டிஎம்ஐ 2.1. அந்த வருஷம் செப்டம்பரில் அதே எச்டிஎம்ஐயோடு என்விடியாவின் புதிய கிராபிக்ஸ் கார்டுகள். ஊரடங்கில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கம்ப்யூட்டர்க்காரப் பிள்ளைகள் வேலையைத் தூக்கிக்கொண்டு வடசேரிக்கும் வெட்டூர்ணிமடத்துக்கும் திரும்பியிருந்தார்கள். கையில் சம்பளம், வாயில் அம்மாவின் தீயல், செலவு செய்ய இடமில்லை. 2022-ல் 42 இன்ச்சும் வந்து சேர்ந்தது. அகலம் 93 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசை கம்ப்யூட்டர் மேசை ஆயிற்று. சாப்பாடு தரைக்கு இறங்கியது.

மறுமணத்தில் பழைய பகை முளைக்காமல் இருக்குமா? டிவி தன்னை டிவி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் எழுத்தையும் சினிமா என்று எண்ணி நிறத்தைப் பாதி விழுங்கிக் குழைத்துவிடும். அமைப்புக்குள் போய் அந்த எச்டிஎம்ஐ வழியின் பெயரை 'பிசி' என்று மாற்றினால்தான் ஒழுங்காகக் காட்டும். கெஜட்டில் பெயர் மாற்றினால் ஆளும் மாறிவிடுவான் என்று நம்பும் ஒரே மின்னணுச் சாதனம் இதுவாகத்தான் இருக்கும். அப்படியும் எழுத்தில் ஒரு குறை. விண்டோஸ் எழுத்தை மெருகூட்டும்போது, புள்ளிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக இருக்கும் என்று கணக்குப் போடும். இந்தத் திரையிலோ சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. ஆகவே எழுத்தின் ஓரமெல்லாம் லேசாக நிறம் கசியும். ஆங்கிலக்காரர்கள் இதைப் பெரிய விஷயமாகப் புலம்பினார்கள். தமிழ் வாசிக்கிறவர்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் குட்டிச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி, திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டிய மாதிரி.

வெள்ளைப் பக்கம் திறந்தால் பெட்டி தானாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் எதுவும் அசையாவிட்டால் இன்னும் மங்கும். மெயில் படித்துக்கொண்டிருக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டதோ என்று ஜன்னலைப் பார்ப்பார்கள். இதை நிறுத்துவதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சர்வீஸ் ரிமோட்டைத் தனியாக வாங்கி, ரகசிய மெனுவுக்குள் புகுந்து, வாரண்டியை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவிட்சை மாற்றிய வீரர்கள் உலகெங்கும் உண்டு. ஈர்க்குச்சியின் பேரப்பிள்ளை அந்த ரிமோட்.

மங்குவது ஏன் என்றால், இங்கேதான் முப்பது வருஷத்துக்கு முன்னால் அம்மாக்கள் சொன்னது வந்து நிற்கிறது. கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். நீலம் சீக்கிரம் களைக்கும். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக எரிவதால் தனித்தனியாகவே கிழடாகும். கேமில் ஓரமாக எப்போதும் நிற்கும் உயிர்க்கோடு, வரைபடம், கம்ப்யூட்டரின் கீழ்ப்பட்டை எல்லாம் நாளடைவில் திரையிலேயே பதியும். அதாவது, கேம் போட்டால் உண்மையாகவே டியூப் போகும்! மாரியோ காலத்தில் துடைப்பக்கட்டையால் நிலைநாட்டப்பட்ட கொள்கைக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழே கிடைத்துவிட்டது. அன்று அடி வாங்கியவர்கள் இன்று கீழ்ப்பட்டையை மறைத்து, டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான்கூட இல்லாமல் துடைத்து, பின்னணிக்குக் கறுப்புப் படம் போட்டுவைக்கிறார்கள். பெட்டி ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்று அவர்களுக்கே சந்தேகம்.

தேய்மானத்தைச் சரிக்கட்ட டிவியே ஒரு வைத்தியம் வைத்திருக்கிறது. நான்கு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், அணைந்ததுபோல நடித்துக்கொண்டே உள்ளுக்குள் சில நிமிஷம் புள்ளிகளை அளந்து சமன்செய்யும். அதற்குப் பிளக்கில் மின்சாரம் இருக்க வேண்டும். இதை வடிவமைத்த கொரியப் பொறியாளர்கள் ஒரு முறையாவது ஐப்பசி மாதம் நாகர்கோவிலுக்கு வந்திருக்கலாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வந்து போகிற மாவட்டம். மருந்துவாழ்மலைக்கு மேலே ஒரு மின்னல் கீறினால் போதும், அத்தனை வீட்டிலும் அம்மாக்கள் புறப்படுவார்கள். ஃப்ரிட்ஜ், மிக்சி, டிவி எல்லாப் பிளக்கும் சுவரை விட்டு வெளியே. இடி இல்லாத நாளிலும் 'செவப்பு லைட்டு எரிஞ்சா கரண்டு ஓடும்' என்று படுக்கப் போகும்முன் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். வைத்தியம் பாதியில் நிற்கும்.

ஆனால் பையன்கள் தரப்பு வக்கீலுக்கும் ஒரு சாட்சி கிடைத்தது. கனடாவில் ஆர்டிங்ஸ் என்று டிவிகளைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், 2018-ல் ஆறு ஓஎல்இடி டிவிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே சங்கதியை நாளுக்கு இருபது மணி நேரம் மாதக்கணக்கில் ஓடவிட்டார்கள். கால்பந்து கேம் ஓடிய பெட்டியில் ஓரளவுக்குத் தடம். துப்பாக்கிச் சண்டை கேமான கால் ஆஃப் டூட்டி ஓடியதில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. எல்லாவற்றையும்விட மோசமாக, சீக்கிரமாக, கண்ணாடியில் ரத்தக்கறைபோலப் பதிந்தது எது தெரியுமா? சிஎன்என் ஓடிய பெட்டி. செய்தி! கீழே நாளெல்லாம் ஓடும் பட்டையும் மூலை முத்திரையும்தான் டியூப்பைத் தின்றிருக்கின்றன. ஆகவே, சாயங்காலச் செய்தியில் சேனல் முத்திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த பாட்டாதான் முதல் குற்றவாளி. வழக்கு தாமதமாக முடிந்ததால் தண்டனை கொடுக்க ஆளில்லை.

இதற்கிடையில் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஜனங்கள் டிவியை வாங்கி மானிட்டர் ஆக்குகிறார்களே, நாமே மானிட்டராகக் கொடுத்தால் என்ன என்று 2022-ல் தொடங்கி, 2024-ல் 32 இன்ச் 4கே ஓஎல்இடி மானிட்டர்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். நொடிக்கு 240 முறை. டிவியிலிருந்து ட்யூனரைக் கழற்றி, ரிமோட்டைப் பிடுங்கி, பத்து இன்ச்சையும் நறுக்கிவிட்டு, டிவியைவிடக் கூடுதல் விலை.

நாகர்கோவில் கடையொன்றில் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். துணைக்கு வந்த அம்மா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறாள்.

"மக்ளே, இதுல சேனல் எல்லாம் வருமா?"

"வராதும்மா."

"சீரியலு?"

"அதும் வராது."

"நியூஸாவது வருமா?"

"ஒண்ணுமே வராதும்மா."

"பின்ன என்னத்துக்குடே இம்புட்டு ரூவா?"

அவன் பதில் சொல்லவில்லை. கார்டை எடுத்துக் கவுன்ட்டரில் நீட்டினான்.